அறுவைக்கும் நாள் பார்க்க வேண்டுமா?

கல்யாணத்துக்கு நாள் பார்ப்பார்கள். அறுவைச் சிகிச்சைக்குமா? சிரிக்காதீர்கள், நண்பர்களே! இதை விஞ்ஞானிகளே கேட்டார்கள்.

மாதவிடாய்ச் சுழற்சியின் முற்பாதியில் பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜன் ஓங்கி நிற்கும். பிற்பாதியில் புரோஜெஸ்டிரோனும் சேரும். இரண்டும் மார்பகச் செல்களைப் பாதிக்கும் ஹார்மோன்கள். அப்படியானால், மார்பகப் புற்றுக்கட்டியை அகற்றும் நாள், நோயாளி பிழைப்பதைப் பாதிக்குமா?

லண்டன் கைஸ் மருத்துவமனையில் 249 பெண்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். 1991இல் முடிவு வெளியாயிற்று. மாதவிடாய் தொடங்கி 3 முதல் 12 நாட்களுக்குள் அறுவை நடந்தவர்களில், 10 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தோர் 54 சதவீதம், மற்றவர்களில் 84! வேறு ஊர்ப் பதிவேடுகளோ சில ஆமோதித்தன, சில மறுத்தன.

பழைய பதிவேட்டில் மாதவிடாய்த் தேதி தவறாக இருக்கலாம். விடை தெரிந்தபின் நாட்களைக் கூறுபோட்டால், தற்செயலும் விதிபோலத் தோன்றும். பின் என்ன வழி? புதிய நோயாளிகளை முதலிலிருந்தே கவனிப்பதுதான்.

அப்படியே செய்தார்கள். அறுவையையொட்டி இரத்தத்தில் ஹார்மோனை அளந்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரு பாதியினரிலும் 5 ஆண்டுகளுக்குப் பின் பிழைத்திருந்தோர் ஏறக்குறைய 92 சதவீதம். வேறுபாடு இல்லை!

ஆகவே, நாள் பார்த்து அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வியப்பான எண்ணைக் கண்டால் நீங்களும் கேளுங்கள்: இது பின்னோக்கித் தேடியதா, முன்னோக்கிச் சோதித்ததா?