விலை சொல்பவர் ஒருவர், கூட்டிப்போகிறவர் வேறொருவர்

2018 ஜனவரியில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் ரவிச்சந்திரன் அஸ்வினைப் பஞ்சாப் அணி 7.60 கோடி ரூபாய்க்கு எடுத்தது. சென்னை சூப்பர் கிங்ஸிடம் அப்போது இரண்டு ஆர்டிஎம் வாய்ப்புகள் இருந்தன. டு பிளெஸ்ஸியையும் பிராவோவையும் அப்படித்தான் திரும்பப் பெற்றார்கள். நம் ஊர்க்காரரை மட்டும் ஏன் விட்டார்கள் என்ற ஆதங்கம் ரசிகர்களுக்கு வெகுநாள் இருந்தது. காரணம் விதியில் இருந்தது. தக்கவைப்பு, ஆர்டிஎம் இரண்டையும் சேர்த்து, இந்திய அணிக்கு ஆடியவர்களில் மூன்று பேருக்கு மேல் ஒரு அணி வைத்துக்கொள்ள முடியாது என்பது அன்றைய விதி. தோனி, ரெய்னா, ஜடேஜாவோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

வேறொரு அணி கேட்ட விலையைத் தானே கொடுத்துப் பழைய அணி தன் வீரரை மீட்டுக்கொள்வதுதான் ஆர்டிஎம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் இது பல பத்தாண்டுகளாக இருக்கிறது. முதல் சுற்றில் தேர்வான இளைஞரின் நான்காண்டு ஒப்பந்தம் முடிந்ததும், பழைய அணி ஓராண்டுக்கு ஒரு தொகையை முன்வைத்துவிட்டால் போதும். அவர்மீது அதற்கு உரிமை நிற்கும். அதன்பின் அவர் யாரோடு வேண்டுமானாலும் பேசலாம், கையெழுத்தும் போடலாம். ஆனால் பழைய அணி அதே தொகைக்குச் சம்மதித்தால் அங்கேயே இருக்க வேண்டியதுதான். 2022இல் டியாண்ட்ரே எய்ட்டனுக்கு இந்தியானா அணி நான்காண்டுக்குச் சுமார் 13.3 கோடி டாலர் தர முன்வந்தது. ஃபீனிக்ஸ் அன்றைக்கே சம்மதித்து அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

எய்ட்டனுக்காவது இன்னொரு அணி விலை சொன்னது. பல வீரர்களுக்கு அதுவும் அமைவதில்லை. விலை சொல்லிவிட்டுக் காத்திருக்கும் அணியின் சம்பள வரம்பில் அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். அதற்குள் மற்ற நல்ல வீரர்கள் கைநழுவிப் போவார்கள். எப்படியும் பழைய அணி விடப்போவதில்லை என்று தெரிந்தால் யார் வாய் திறப்பார்கள்? ஜொனாதன் குமிங்காவுக்கும் கோல்டன் ஸ்டேட் அணிக்கும் 2025 ஜூலையில் தொடங்கிய பேச்சு செப்டம்பர் கடைசி வரை இழுத்தது. கடைசியில் கிடைத்தது இரண்டாண்டு ஒப்பந்தம். அதிலும் இரண்டாம் ஆண்டு வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை அணிக்குத்தான். அதே கோடையில் புரூக்ளினின் கேம் தாமஸ் சுமார் 60 லட்சம் டாலருக்கு ஓராண்டு மட்டும் ஆடச் சம்மதித்தார். அடுத்த ஆண்டு எந்தக் கட்டும் இல்லாமல் சந்தைக்கு வர அதுவே வழி.

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐபிஎல் ஏலம் இந்த இடத்தில் ஒரு நல்ல மாற்றம் செய்தது. பழைய அணி ஆர்டிஎம் கேட்டதும், கடைசியாக விலை சொன்ன அணி இன்னொரு முறை உயர்த்தலாம். ரிஷப் பந்துக்கு லக்னோ 20.75 கோடியில் நின்றது. டெல்லி உரிமை கோரியது. லக்னோ 27 கோடி என்றது; டெல்லி விலகிக்கொண்டது. அந்த ஒரு வாய்ப்பால் கூடியது 6.25 கோடி. அர்ஷ்தீப் சிங்குக்கு 15.75 கோடி 18 ஆனது; அவர் பஞ்சாபிலேயே தொடர்ந்தார். அணி மாறாமலே 2.25 கோடி அதிகம்! பழைய அணியின் உரிமைக்கு இதில் ஒரு குறையும் வரவில்லை. வீரருக்கு மட்டும் நியாயமான விலை கிடைத்தது.

கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஐபிஎல்லைவிடக் கிட்டத்தில் இருப்பது புரோ கபடி ஏலம். பொங்கல் போட்டிகளில் தூசி பறக்க ஆடும் பையன்களின் கனவு அது. அங்கே 2018 முதல் இதே உரிமை எஃப்பிஎம் என்ற பெயரில் இருக்கிறது. மணிந்தர் சிங்கை 2023இல் பெங்கால் அணி 2.12 கோடிக்கு இப்படித்தான் மீட்டது. ஆனால் ஜெட்டாவில் தந்த அந்தக் கூடுதல் வாய்ப்பு கபடியில் இல்லை. பழைய அணி கை தூக்கியதும் ஏலம் முடிந்தது.

முழங்கால் ஒருமுறை மடங்கினால் முடிந்துபோகக்கூடிய ஆட்டம் கபடி. நல்ல விலைக்கு ஒரு ரைடருக்கு வாய்ப்பது இரண்டோ மூன்றோ ஏலங்கள்தான். லட்சங்களில் ஏலம் போகும் பையனுக்கு அந்த ஒரு உயர்வு தங்கையின் கல்யாணச் செலவாக இருக்கலாம். அடுத்த ஏல விதிகளை எழுதும்போது கபடி அமைப்பாளர்கள் அதைச் சேர்க்க வேண்டும். அணி முதலாளிகள் தாமாகக் கேட்க மாட்டார்கள். வீரர்கள்தான் கேட்க வேண்டும்.