கையசைவில் ஓடும் மணிக்கூடு

பிறநாடுகளில் வாழும் நம் பழைய மாணவர் சிலர் விடுமுறைக்கு ஊர் வருங்காற் சிறு பெட்டியொன்றைக் கொணர்கின்றனர். அதனுள்ளே மெத்தையொன்று உண்டு. கைமணிக்கூட்டை அதில் மாட்டி விசையை அழுத்தினால், மெத்தை மெல்லச் சுழலும்; சிறிது நேரம் ஓயும்; மீண்டும் சுழலும். ‘ஒட்டோமற்றிக்’ எனப்படும் தானியங்கு மணிக்கூடுகள் நின்றுபோகாமற் காக்கும் கருவி இதுவாகும். தந்தையார் விட்டுச்சென்ற மணிக்கூட்டை இப்பெட்டியில் வைத்து இடையறாது ஓடச்செய்யலாமா என்று நம்மிடம் வினவியோர் உளர். அவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், தானியங்கு மணிக்கூடு இயங்குமாற்றை அறிதல் வேண்டும். பழைய மணிக்கூட்டின் தலைப்பை நாள்தோறும் விரலால் திருகி, உள்ளேயுள்ள சுருள்வில்லை முறுக்கினோம். வில் தளரத் தளரச் சக்கரங்கள் சுழன்று முட்கள் நகர்ந்தன. தானியங்கு மணிக்கூட்டிலும் அதே சுருள்வில்தான் உண்டு. முறுக்கும் வேலையை மட்டும் அரைவட்ட வடிவான ஓர் உலோகத் தகடு மேற்கொள்கின்றது. நாம் நடக்கையிலும் எழுதுகையிலும் கை அசைய, பாரமான அத்தகடு தன் அச்சிற் சுழன்று வில்லை முறுக்கும். முழுதும் முறுகியபின் வில்லின் வெளிமுனை தன் கூட்டின் சுவரில் வழுக்கிச் செல்லும்; ஆதலின் மிகை முறுக்கால் அது அறுந்துவிடும் என்னும் அச்சம் வேண்டா. கையினின்று கழற்றினால் பெரும்பாலானவை ஏறக்குறைய 40 மணித்தியாலம் ஓடி நிற்கும். வெள்ளி மாலை கழற்றியது ஞாயிறு முற்பகலில் நின்றிருக்கக் காண்போம்.

இத்தகைய பொறி 18ஆம் நூற்றாண்டிலேயே சட்டைப்பை மணிக்கூடுகளில் அமைக்கப்பட்டது. கைமணிக்கூட்டுக்கு அதனைப் பொருத்தி வெற்றி கண்டவர் யோன் ஹாவூட் என்னும் ஆங்கிலேயர். தலைப்பின் துளைவழியே தூசும் ஈரமும் புகுந்து பொறியைக் கெடுப்பதை உணர்ந்த அவர், தலைப்பைத் திருகும் தேவையையே ஒழிக்க முயன்று, 1924இற் சுவிற்சர்லாந்திற் காப்புரிமை பெற்றார். 1931இல் றோலெக்ஸ் நிறுவனம் முழுவட்டமாகச் சுழலும் தகட்டைக் கொண்டுவந்தது. 1963இல் யப்பானின் சீக்கோ நிறுவனம் வெளியிட்ட ‘சீக்கோ 5’ எளியோர்க்கும் எட்டும் விலையில் இவ்வசதியை அளித்தது. மத்திய கிழக்கில் உழைத்து மீண்ட நம்மவர் பலரின் கையில் அதனைக் கண்டோம்.

வன்னி மண்ணில் இம்மணிக்கூட்டுக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. போர்க்காலத்திற் பற்றரிகள் இங்கு வரத் தடை இருந்தது. மின்சாரமும் இல்லை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அந்நாளில், பற்றரியால் ஓடும் மணிக்கூடுகள் ஓய்ந்தன. கையசைவால் ஓடுவன ஓயவில்லை. 1996 தொடக்கம் 2006 வரை கொழும்பின் நேரம் மாற்றப்பட்டிருந்தபோது, விடுதலைப் புலிகளின் நிருவாகத்திலிருந்த வன்னி பழைய நேரத்தையே கைக்கொண்டது. 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின், ஓமந்தையைக் கடந்து வடக்கே வந்தோர் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்தள்ளிக்கொண்டனர். அந்நாள்களைக் கண்ட மணிக்கூடுகள் சில, அணிந்த கைகள் 2009இல் இல்லாதொழிந்தபின், இன்று பெட்டகங்களிற் கிடக்கின்றன. அவற்றை வெறும் பொருள்களென எண்ணுவதற்கில்லை.

இனிச் சுழற்றும் பெட்டியைப் பார்ப்போம். அதன் சிறு மோட்டர் கையின் வேலையைச் செய்கின்றது. ஓயாது சுழல வேண்டியதில்லை. பெரும்பாலான மணிக்கூடுகளுக்கு நாளொன்றுக்கு 650 முதல் 800 வரையான சுற்றுகள் போதும். சீக்கோவின் தகடு எப்புறம் சுழலினும் வில்லை முறுக்கும். வேறு சில ஒருபுறம் சுழல்கையில் மட்டுமே முறுக்கும். அவற்றுக்கேற்பப் பெட்டி சுழலும் திசையை அமைத்தல் வேண்டும். மோட்டரின் காந்தம் தக்க மறைப்பின்றி அருகிலிருப்பின், மணிக்கூட்டின் நுண்சுருளிற் காந்தமேறி நேரம் பிசகும்.

இப்பெட்டி இன்றியமையாததா? திகதி, கிழமை, மாதம், லீப் ஆண்டு யாவுங் காட்டும் மணிக்கூடு நின்றால் மீளத் திருத்துதல் கடினம். அதற்கு இது பெருந்துணை. நேரமும் திகதியும் மட்டுங் காட்டுவதற்கோ இது வசதியேயன்றித் தேவையன்று. நின்றதை மெல்ல அசைத்து, நேரந் திருத்தி அணியலாம். முட்கள் இரவு 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையில் நிற்கையில் மட்டும் திகதியை மாற்றலாகாது. அவ்வேளை திகதிச் சக்கரத்தின் பற்கள் கோத்திருக்குமாதலின் அவை முறியக்கூடும்.

பல்லாண்டு கிடந்த மணிக்கூட்டை உடனே பெட்டியிலிடுதல் பெருந்தவறு. உள்ளேயிட்ட எண்ணெய் காலத்தால் தடித்து உலரும். நொடிக்கு 6 முறை துடிக்கும் பொறி எண்ணெயின்றி இரவும் பகலும் ஓடினால் அச்சுகள் தேயும். நின்றிருக்கும் மணிக்கூடு தேய்வதில்லை; அன்பினால் ஓடவிடுவதே அதற்கு ஊறாகும். ஆகவே, முதலிற் கைதேர்ந்த மணிக்கூடு திருத்துநரிடம் கொடுத்து, பொறியைக் கழற்றித் துப்புரவாக்கி எண்ணெயிடச் செய்க. நீர் புகாவண்ணம் காக்கும் இறப்பர் வளையத்தையும் மாற்றுக.

அதன்பின் பெட்டியில் வைப்பினுங் குற்றமில்லை. ஆயினும் கைக்கெனச் செய்த பொறிக்குக் கையே சிறந்த இடம் என்பது நம் கருத்து. தந்தையின் மணிக்கூட்டை மகனோ மகளோ கிழமைக்கொரு நாளேனும் அணிக. நம் கல்லூரியின் விழாவுக்கு வருவோர் அவ்வாறு அணிந்துவரின் பெரிதும் மகிழ்வோம்.