குழந்தைக்கு எத்தனை மில்லி?

உதவித்தொகைக்கு வந்த நர்சிங் மாணவிகளிடம் எந்தப் பாடம் கஷ்டம் என்று இந்த ஆண்டு கேட்டோம். உடற்கூறியல் என்பார்கள் என நினைத்தோம். "குழந்தைகளுக்கான மருந்துக் கணக்கு" என்றார்கள். பெருக்கல் வகுத்தல்தானே என்று எங்களுக்கும் தோன்றியது. அவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

பெரியவர்கள் 50 கிலோ இருந்தாலும் 80 கிலோ இருந்தாலும் காய்ச்சலுக்கு ஒரே 500 மி.கி. பாராசிட்டமால் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறோம். குழந்தைக்கு அப்படிக் கொடுக்க முடியாது. மருந்தைச் சிதைக்கும் கல்லீரலும், வெளியேற்றும் சிறுநீரகமும் சின்ன வயதில் முழு வளர்ச்சி பெற்றிருக்காது. பழைய பாடநூல்களில் 'யங் விதி' என்று ஒன்று உண்டு: குழந்தையின் வயதை, அதே வயதோடு 12 கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பெரியவர் அளவால் பெருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 500 மி.கி. மருந்தில் சுமார் 71 மி.கி. வரும். இன்றைய முறை எடையைப் பார்க்கிறது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. அதே குழந்தை 12 கிலோ என்றால் 120 முதல் 180 மி.கி. வயதை மட்டும் பார்த்தால் கணக்கு எவ்வளவு தூரம் விலகுகிறது பாருங்கள்!

மாணவிகள் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில். மருத்துவர் 180 மி.கி. என்று எழுதுகிறார், பாட்டிலில் இருப்பதோ திரவம். வேண்டிய மி.கி.யைப் பாட்டிலில் எழுதியுள்ள மி.கி.யால் வகுத்து, அது எத்தனை மில்லியில் இருக்கிறதோ அந்த எண்ணால் பெருக்க வேண்டும். 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி. 5 மில்லியில் 250 மி.கி. உள்ளது என்றால் 3.6 மில்லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருந்தால் 1.8 மில்லி போதும். மருந்து ஒன்றுதான், மூன்று பாட்டிலுக்கும் அளவு வேறு.

எங்கள் மாணவி ஒருத்தியின் பக்கத்து வீட்டில் நடந்தது இது. பழைய சிரப் தீர்ந்து, கடையில் 250 மி.கி. பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையின் உம்மா வழக்கம்போல 7.5 மில்லியை ஊற்றிவிட்டார். 375 மி.கி., அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். எதேச்சையாக அங்கே போன மாணவி லேபிளைப் படித்துத் தடுத்திருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ், மருந்து பிள்ளையின் வாய்க்குப் போகவில்லை. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். சளி மருந்துகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வீடுகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

'ஒரு நாளைக்கு' என்பதை 'ஒரு வேளைக்கு' என்று படித்துவிடுவதும் தேர்வில் அடிக்கடி நேர்கிறதாம். அமாக்ஸிசிலின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 40 மி.கி., மூன்று வேளை என்று எழுதியிருந்தால், 12 கிலோ குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 480 மி.கி. வேளைக்கு 160தான். வகுக்க மறந்தால் மூன்று மடங்கு போய்விடும். புள்ளி இன்னும் ஆபத்து: .5 என்பதில் புள்ளி மங்கினால் 5, பத்து மடங்கு. அதனால்தான் 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட்டு எழுதச் சொல்கிறார்கள். 5.0 என்று பின்னால் பூஜ்யம் போடவும் கூடாது. 50 ஆகத் தெரியும்.

அளவை முடிவு செய்வது மருத்துவர்தான். நாம் செய்ய வேண்டியது, பிள்ளையின் இப்போதைய எடையைச் சொல்வதும், பாட்டில் மாறினால் மி.கி.யைப் பார்த்துக் கேட்பதும், வீட்டுத் தேக்கரண்டியை விட்டுவிட்டு மில்லி கோடு போட்ட மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளப்பதும்.

மாணவிகளுக்கான கணக்கு வகுப்பு ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு எங்கள் அலுவலக மாடியில் நடக்கிறது. தாய்மார்களும் வரலாம். வரும்போது வீட்டிலிருக்கும் மருந்து பாட்டில்களைக் கையோடு எடுத்து வாருங்கள்.