மதுரையின் நகர நிர்மாணம்

ஒரு நகரத்தைப் புதுப்பிப்பதென்றால் பழையதை இடித்துத் தள்ளி, பிறதேசத்து நகரமொன்றின் நகலை அவ்விடத்தில் நாட்டுவதே என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை எடுத்துக்காட்ட மதுரையைவிடத் தகுந்த நகரம் வேறில்லை.

கோயிலை நடுவாக வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து நிற்கின்றன. இத்திட்டத்தை வகுத்த நம் முன்னோர் திருவிழாவையும் தேரோட்டத்தையும் வாணிபத்தையும் ஒருங்கே மனத்திற் கொண்டனர். மாசி வீதிகளின் அகலத்தைத் தேர் நிர்ணயித்தது. திண்ணையும் முற்றமும் வெயிலின் கொடுமைக்கு விடையாயின.

இத்திட்டம் மாற்றமே காணாததன்று. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. மதிலை இடித்து அகழியை நிரப்பியவர்களுக்கே அந்நிலம் வழங்கப்பட்டது. மாரட்டு வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அவ்வேலையில் ஈடுபட்டோர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. நகரம் விரிந்தது, ஆயினும் புதிய வீதிகள் பழைய சதுரத்தின் ஒழுங்கையே பின்பற்றின. மரபும் மாறுதலும் பகையல்ல என்பதற்கு இஃதோர் அத்தாட்சி.

1915-இல் சென்னை மாகாணத்து நகரங்களைப் பார்வையிட்ட பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் மதுரைக்கும் வந்தார். நெருக்கமான குடியிருப்புகளை அடியோடு பெயர்த்து நேர்கோட்டில் அகன்ற சாலை வெட்டும் முறையை அவர் கண்டித்தார். நல்ல வீடுகளைக் காத்து, பாழடைந்தவற்றை மாத்திரம் அகற்றி, காற்றுக்கும் மரத்துக்கும் இடம் செய்யும்படி கூறினார். தேர்ந்த வைத்தியன் நோயுற்ற இடத்தில் மட்டுமே கத்தி வைப்பான் அன்றோ? அதே கெடிஸ் 1919-இல் ஜெருசலேம் நகருக்கும் திட்டம் வகுத்தார்.

அராபிய தேசங்களிலும் இவ்வினா எழுந்ததுண்டு. எகிப்தில் ஹசன் பாத்தி என்னும் சிற்பி 1940-களில் புதிய குர்னா என்ற கிராமத்தைப் பச்சை மண்கல்லாலும் குவிமாடத்தாலும் அமைத்தார். வெப்பத்தைத் தணிக்கும், செலவு குறைந்த வீடுகள் அவை. எனினும் குடியேற வேண்டிய ஜனங்களில் பெரும்பாலோர் வர மறுத்தனர். பழைய ஊரினின்று அவர்களைப் பெயர்க்க விரும்பியது சர்க்காரே; அவர்கள் விரும்பவில்லை. வீட்டில் குற்றமில்லை, வாழ்வோரின் சம்மதம் இல்லை. அனுபவம் புகட்டும் இப்பாடத்தை நாம் மறக்கலாகாது.

மதுரையின் இன்றைய ஆபத்து நீரைப் பற்றியது. சுற்றுவெளியிலுள்ள கண்மாய்கள் ஒன்றின் மறுகால் மற்றொன்றின் வரத்தாக அமைந்த சங்கிலி. 1895-இல் முடிவுற்ற பெரியாறு அணையின் நீரும் வையை வழியாக இவ்வெளிக்கு உயிரளித்தது. இன்றோ கால்வாய்கள் வீட்டு மனைகளாயின. கிருதுமால் நதி சாக்கடையாயிற்று. 2004-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை நிற்குமிடம் உலகனேரி. அப்பெயரிலேயே ஏரி இருக்கிறது. 2024 அக்டோபரில் பெய்த மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுள் வெள்ளம் புகுந்ததில் வியப்பென்ன? நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை, மறந்தவர் நாமே.

2016-இல் மதுரை ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பெரியார் பஸ் நிலையம் புதிதாகக் கட்டப்பட்டது. வையைக் கரைகளில் சாலைகள் எழுந்தன. இவற்றை நாம் குறை கூறவில்லை. ஆயினும் கண்மாயை மறந்த கட்டடம் எவ்வளவு அழகியதாயினும் நகர நிர்மாணம் ஆகாது. வண்டியூர்த் தெப்பக்குளத்தைப் பாருங்கள். நெடுங்காலம் வறண்டு, சிறுவர் பந்தாடும் திடலாய்க் கிடந்த அக்குளம், வையையிலிருந்து வரும் கால்வாய் சீர்செய்யப்பட்டதும் மீண்டும் நிரம்பிற்று. அதிசய யந்திரம் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. பழைய வழி திறக்கப்பட்டது, அவ்வளவே.

ஆதலின் நாம் வேண்டுவன நான்கு. ஒவ்வொரு கண்மாய், கால்வாயின் எல்லையும் அளக்கப்பட்டுப் பொதுஜனங்கள் பார்வைக்கு வைக்கப்படுக. நீர்வழியை அடைக்கும் மனைப்பிரிவுக்கு அனுமதி மறுக்கப்படுக. நீர்வழியில் குடியிருக்கும் ஏழைகளுக்கு மாற்றிடம் அளிக்காமல் ஒரு குடிசையும் அகற்றப்படாதிருக்க. எத்திட்டமும் அவ்வட்டாரத்தாரைக் கலந்தே வகுக்கப்படுக.

சுயராஜ்யம் என்பது சட்டசபையோடு முடிவதன்று. தன் தெருவையும் குளத்தையும் தானே திட்டமிடும் திறனும் அதில் அடங்கும். மதுரை மக்கள் இதனை உணர்ந்து தங்கள் மாநகராட்சி அங்கத்தினர்களை இன்றே கேள்வி கேட்பார்களாக!