விலையில்லா மடிக்கணினிகளில் ஒரு கிளஸ்டர்

ஒத்தக்கடையில் பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் மாட்டுத்தாவணி. அங்கே டைடல் பூங்காவுக்கு 2025-இல் அடிக்கல் நாட்டினார்கள். இலந்தைக்குளத்தில் எல்காட் ஐ.டி. பூங்கா ஏற்கெனவே இருக்கிறது. இந்த வாசல்களுக்குள் நம் காலனிப் பிள்ளைகள் எந்த வேலைக்குப் போகப் போகிறார்கள்? காவலுக்கும் துப்புரவுக்கும்தான் என்றால், அதற்குப் புதிதாக ஒரு பூங்கா தேவையில்லை.

மென்பொருள் வேலை அறிவிப்புகளில் "டாக்கர், குபெர்நெட்டிஸ் தெரிந்திருக்க வேண்டும்" என்ற வரி அடிக்கடி வருகிறது. பி.சி.ஏ. முடித்த முதல் தலைமுறைப் பட்டதாரி அந்த வரியிலேயே நின்றுவிடுகிறார். நிரல் எழுதத் தெரியும். எழுதிய செயலியை எங்கே, எப்படி ஓட்டுவது என்பது பாடத்தில் வந்திருக்காது. தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். படிப்பகத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றதைத்தான் எழுதுகிறேன்.

ஒத்தக்கடை என்ற பெயரைக் கேட்டால் ஒரே ஒரு கடை இருந்த இடம் என்றுதான் தோன்றும். அரிசி, எண்ணெய், டீ எல்லாம் அங்கேதான். அது சாத்தினால் ஊருக்கே ஒன்றும் கிடைக்காது. பழைய பாணி இணையச் செயலியும் அப்படித்தான். நாம் பார்க்கும் பக்கம், கணக்குப் பார்க்கும் பகுதி, தரவுத்தளம் மூன்றும் ஒரே கணினியில். இன்று அவற்றைத் தனித்தனிக் கடைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரு பெட்டியில் வைக்கிறார்கள். அதுதான் கன்டெய்னர். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நான்குவழிச் சாலையில் போகும் லாரிகளில் பார்க்கிறோமே, அதே பெயர், அதே கருத்து. உள்ளே எது இருந்தாலும் எந்த லாரியிலும் ஏறும்.

இந்தப் பெட்டிகளைச் செய்யும் டாக்கர் 2013-இல் வந்தது. பெட்டிகள் பெருகியதும், எதை எந்தக் கணினியில் வைப்பது, ஒன்று விழுந்தால் யார் எழுப்புவது என்ற கேள்வி வந்தது. அதற்காக கூகுள் 2014-இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டதுதான் குபெர்நெட்டிஸ். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். அது ஆளும் கணினிக் கூட்டத்துக்குப் பெயர் கிளஸ்டர்.

இவை அனைத்தும் இலவசம். யாரும் காசு கேட்பதில்லை, கணினிதான் கேட்கிறது. ஒரே கணினியில் பழகிப் பார்க்க உதவும் மினிகியூப், இரண்டு சிபியு, 2 ஜிபி காலி நினைவகம், 20 ஜிபி வட்டு இடம் வேண்டும் என்கிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவற்றின் மொத்த நினைவகமே 2 ஜிபிதான். இயங்குதளம் தின்றது போக என்ன மிஞ்சும்? அடுத்தது டேட்டா. ஒவ்வொரு கன்டெய்னர் இமேஜும் பல நூறு எம்பி வரை போகும். நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் பிள்ளை மதியத்துக்குள் தீர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

வழி இருக்கிறது. கே3எஸ் என்பது குபெர்நெட்டிஸின் மெலிந்த வடிவம். 100 எம்பிக்கும் குறைவான ஒரே கோப்பு. 8 ஜிபி உள்ள ஒரு கணினியைச் சர்வராக வையுங்கள். பரணில் கிடக்கும் பழைய மடிக்கணினிகளில் 64 பிட் லினக்ஸ் போட்டு, அதே வைஃபையில் ஏஜென்டுகளாகச் சேருங்கள். ஏஜென்டுக்கு 512 எம்பி நினைவகமே போதும். சர்வர் தரும் டோக்கனை ஏஜென்டில் கொடுத்தால் இணைந்துவிடும். "கியூப்சிடிஎல் கெட் நோட்ஸ்" என்று கேட்டால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் "ரெடி" என்று வரும்.

இமேஜை ஒருவர் மட்டும் இறக்கினால் போதும். "டாக்கர் சேவ்" கட்டளையில் அதை ஒரே கோப்பாக்கி, பென்டிரைவில் மற்ற கணினிகளுக்கு எடுத்துப்போகலாம். ஒன்று கவனம்: இமேஜுக்கு "லேட்டஸ்ட்" என்று பெயர் வைத்தால், கணினியில் இருந்தாலும் இணையத்தில் போய்த் தேடும். பதிப்பு எண் கொடுங்கள்.

ஓட்டிப் பழக, கல்வி உதவித்தொகை விண்ணப்பம் எந்த நிலையில் கிடக்கிறது என்று குறித்து வைக்கும் சிறு செயலி நல்ல தொடக்கம். பக்கத்தைக் காட்டும் பகுதிக்கு இரண்டு பிரதிகள், தரவுத்தளத்துக்கு ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பழைய மடிக்கணினியை அணைத்துப் பாருங்கள். மற்றதில் உள்ள பிரதி வேலையைத் தொடரும். ஐந்து நிமிடம் கழித்து, விழுந்ததற்குப் பதில் வேறு கணினியில் ஒன்று எழும். தரவுத்தளம் அப்படி நகராது, அதன் தரவு ஒரே வட்டில் இருப்பதால். அதைச் சர்வரிலேயே வையுங்கள். நேர்முகத் தேர்வில் கேட்பது இதைத்தான்.

கிளஸ்டரின் தலைமைக் கணினியை முன்பு "மாஸ்டர்" என்றார்கள். எஜமான், அடிமை என்ற சொற்கள் கணினித் துறையில் வெகுகாலம் புழங்கின. 2020-இல் குபெர்நெட்டிஸ் அதைக் "கன்ட்ரோல் பிளேன்" என்று மாற்றத் தொடங்கியது. நல்லது. அதே ஆண்டு, தலித் பொறியாளர் ஒருவருக்குச் சாதியப் பாகுபாடு காட்டியதாக சிஸ்கோ மீது கலிபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. 2022-இல் தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுளில் பேசவிருந்த கூட்டம் ரத்தானது. சொல்லை மாற்றுவது எளிது.

தமிழில் படிக்க, 2012 முதல் வரும் கணியம் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் பொறுப்பு அரசுக்கு. 2024-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கச் சொல்கிறது. அந்த நிதியில் ஆதிதிராவிடர் நல விடுதிதோறும் 8 ஜிபி கணினி ஒன்றும் இணைய இணைப்பும் வரட்டும். தாட்கோ பயிற்சிப் பட்டியலில் கிளஸ்டர் அமைப்பதும் சேரட்டும். விடுதிக் காப்பாளர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பழைய மடிக்கணினிகளைத் திரட்டுங்கள். பேட்டரி செத்திருக்கும், பரவாயில்லை, சார்ஜரிலேயே ஓடும். ஒரு ரவுட்டரும் நீளமான எக்ஸ்டென்ஷன் வயரும் மட்டும் வாங்கினால் போதும்.