கதைக்குள் மறையும் விளம்பரம்: பார்வையாளரின் அறியும் உரிமை

இடைவேளையில் வரும் விளம்பரத்தைப் பார்வையாளர் விளம்பரமென்றே அறிவர். கதைமாந்தர் கையில் அதே பொருள் தோன்றும்போது அவ்வறிவு மங்குகிறது. 1982-இல் வெளிவந்த ‘ஈ.டி.’ திரைப்படத்தில் சிறுவன் ரீசஸ் பீசஸ் மிட்டாய்களைக் காட்டி வேற்றுலக உயிரியை ஈர்க்கிறான். இதற்கு ஈடாக ஹெர்ஷி நிறுவனம் படத்தைத் தன் செலவில் விளம்பரப்படுத்தியது. இவ்வுடன்பாடு காட்சியில் புலப்படுவதில்லை.

பிரித்தானியா, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் கட்டணம் பெற்றுப் பொருள்களைக் காட்ட 2011 பிப்ரவரி 28 முதல் இசைந்தது. செய்தி, சிறுவர் நிகழ்ச்சிகளில் அதனைத் தடுத்தது. பிறவற்றில் ‘பி’ என்னும் குறியீட்டைத் திரையில் இடுமாறு விதித்தது. எனினும், ஒளிபரப்பு நிறுவனம் தானே தயாரிக்காமல் வெளியாரிடம் வாங்கும் படங்களுக்கு இக்குறியீடு கட்டாயமன்று. அறிவிக்கும் கடமை, விளம்பரத்தின் தன்மையைச் சாராது தயாரிப்பாளரைச் சார்ந்து அமைவதால், பார்வையாளரின் அறியும் உரிமை முழுமை பெறவில்லை.