மீன் தின்றதே மீனின் ருசி

மீன்பாடும் தேன்நாடு எனப் புகழப்படும் எமது மட்டக்களப்பில், கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த எழுவான்கரைக் கிராமங்களில் ஒன்று தேற்றாத்தீவு. இங்கே மீன் வாங்குவோர், “இது பிடித்த மீனா, வளர்த்த மீனா?” என்று கேட்பதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “அந்த மீன் எதைத் தின்றது?”

மீனின் சிறப்பாகச் சொல்லப்படும் ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் நுண்பாசிகளில் உருவாகின்றன. அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள், சிறுமீன்கள் வழியாகப் பெரிய மீன்களின் தசையை அடைகின்றன. திருகோணமலைக் கடலில் கூடுகளில் வளர்க்கப்படும் கொடுவா போன்ற மீன்களுக்கு இவற்றைத் தாமாக ஆக்கும் திறன் மிகக் குறைவு. எனவே தீவனத்தில் மீனெண்ணெய் சேர்க்கப்படுகிறது. அது விலை கூடியது. அதற்குப் பதிலாகச் சோயா எண்ணெய் சேர்த்தாலும் மீன் வளரும். ஆனால் தசையில் ஒமேகா-3 குறைந்து ஒமேகா-6 கூடும். இது கண்ணுக்குத் தெரியாது. அறுவடைக்கு முந்திய சில வாரங்களுக்கு மீனெண்ணெய் கலந்த தீவனம் கொடுத்தால் இழந்ததில் பெரும்பகுதியை மீட்கலாம்.

தீவனத்தில் சேர்க்கும் விற்றமின் ஈ தசையில் தங்கி, கொழுப்புக் காறிப்போவதைத் தாமதிக்கும். அதனால் குளிரூட்டியில் வைத்த மீனின் மணமும் ருசியும் கெடுவது குறையும்.

இறாலைச் சமைத்ததும் சிவக்கச் செய்வது அஸ்டாசாந்தின் என்னும் நிறப்பொருள். அதற்கான மூலப்பொருளை இறால் உணவிலிருந்தே பெறவேண்டும். போருக்கு முன்பே இறால் பண்ணைகளைக் கண்ட எமது மாவட்டத்துக்கு இது தொலைவான செய்தியன்று. தீவனத்தில் அது குறைந்தால் இறால் வெளிறிப்போகும்.

ஆனால் எல்லாவற்றையும் தீவனத்தால் சரிசெய்ய முடியாது. குளத்து மீனின் சேற்று மணத்துக்கு முக்கிய காரணம், நீரிலுள்ள நீலப்பச்சைப் பாசிகள் போன்றவை உண்டாக்கும் ஜியோஸ்மின். மீனைச் சில நாட்கள் தீவனமின்றித் தூய நீரில் விட்டால் அது குறையும். எமது உம்மாமார் மீனைப் புளியிட்டுக் கழுவுவதிலும் பொருளுண்டு. அமிலம் ஜியோஸ்மினைச் சிதைக்கும். நோய்க்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கொல்லி மருந்தும் ஊட்டப்பொருளன்று. அறுவடைக்குக் குறித்த நாட்கள் முன்னரே அதை நிறுத்தாவிட்டால் எச்சம் எமது தட்டுக்கு வரும்.

நிறத்தையும் எடையையும் மட்டும் பார்த்து வாங்கினால், பண்ணையாளரும் அவற்றுக்காக மட்டுமே தீவனமிடுவார். பெற்றோர்களே, அடுத்தமுறை வளர்த்த மீன் வாங்கும்போது அதன் தீவனத்தையும் விசாரியுங்கள். உயர்தரத்தில் உயிரியலும் விவசாயமும் கற்கும் சகோதரிகளே, அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் அறிவு எமது ஊரிலேயே வளரட்டும்.